வாந்தி எடுக்கக் கூடாத காலை

நெல்வியாவின் முதல் பிள்ளை பிறக்கும்போது தோள் மாட்டிக்கொண்டது. மருத்துவச்சி இழுத்த இழுப்பில் எலும்பு ஒடிந்த சத்தம் அவள் காதிலேயே விழுந்தது. ஐந்து கிலோ ஆண் பிள்ளை. அழவேயில்லை. கர்ப்பத்தில் அவளுக்குச் சர்க்கரை ஏறியிருக்க வேண்டும், யாரும் பார்க்கவில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள்.

சான் பெத்ரோ சூலா நகரின் ஆற்றோரக் குடியிருப்பில் ரொட்டி சுட்டு விற்றுப் பிழைத்தவள் அவள். மறுபடி வயிற்றில் தங்கி ஆறு மாதம் ஆனதும் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போயே தீருவேன் என்றாள். சுகாதார நிலையம் பாலத்துக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஒரு ரவுடிக் கும்பல் என்றால் அங்கே வேறு கும்பலின் ராஜ்ஜியம். கணவன் எலீசியோவின் தம்பியை அந்தப் பாலத்தில்தான் வெட்டிப் போட்டிருந்தார்கள்.

"போனா பொணமாத்தான் வருவே" என்று எலீசியோ கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

"போகலைன்னா உள்ள இருக்கறது பொணமா வரும். உனக்கு எது வேணும், சொல்லு."

அவன் சாவி இருந்த பையைக் கையால் பொத்திக்கொண்டான். அவள் மாவரைக்கும் குழவிக்கல்லால் பூட்டை அடித்து உடைத்துவிட்டு, வெறும் வயிற்றோடு கிளம்பினாள்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் மிர்த்தலா முதல் ரத்தம் எடுத்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரை நீட்டினாள். "மடமடன்னு குடிச்சிடு. இன்னும் ரெண்டு தடவை ரத்தம் எடுக்கணும், மணிக்கு ஒண்ணா. எழுந்து நடக்காதே. வாந்தி எடுத்தா எல்லாம் வீண், இன்னொரு நாள் வரணும்."

"இன்னொரு நாளா? இன்னிக்கு வந்ததே பூட்டை ஒடச்சு சிஸ்டர். வாயைத் தச்சுக்கறேன், விடுங்க."

இரண்டாவது ரத்தம் எடுத்தாயிற்று. தெருவில் துப்பாக்கி வெடித்தது. யாரோ இருவர் குண்டு பட்ட ஓர் ஆளைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டு ஓடினார்கள். மிர்த்தலா அவனை உள்ளறைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள். பின்னாலேயே துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தான்.

"எங்கடி அவன்?"

"செத்துட்டான்."

துப்பாக்கிக் கட்டையால் மிர்த்தலாவின் வாயில் அடித்தான். பல் தெறித்தது. பிறகு நெல்வியாவிடம் திரும்பினான். "நீ எந்தப் பக்கம்? அடையாள அட்டையை எடு."

அட்டையில் அவள் ஆற்றோரக் குடியிருப்பின் முகவரி, எதிரிக் கும்பலின் பக்கம். அவள் கை ரவிக்கைப் பக்கம் போய் நின்றுவிட்டது.

"அவ என் தங்கச்சிடா!" மிர்த்தலா ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கத்தினாள். "மாசமா இருக்கா, கண்ணு அவிஞ்சு போச்சா?"

துப்பாக்கி முனை நெல்வியாவின் வயிற்றை அழுத்தியது. உள்ளே பிள்ளை உதைத்தது. அந்த நேரம் பார்த்து உள்ளறையில் முனகல் கேட்டது. அவன் கதவை எட்டி உதைத்தான். முனகியவன் அம்மாவைக் கூப்பிட்டான். மூன்று குண்டு. கூப்பிடுவது நின்றது.

ரத்தம் தரையில் ஓடிவந்து அவள் செருப்பை நனைத்தது. சர்க்கரைத் தண்ணீர் தொண்டை வரை பொங்கியது. இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்தி விழுங்கினாள். மறுபடி வந்தது. மறுபடி விழுங்கினாள்.

அவன் போனதும் மிர்த்தலா, "பின் வாசல் வழியா ஓடு" என்றாள்.

"இன்னும் ஒரு ரத்தம் பாக்கி இருக்கு சிஸ்டர்."

"பைத்தியமாடி நீ?"

"நான் வாந்தி எடுக்கல."

மிர்த்தலா கடிகாரத்தைப் பார்த்தாள். நேரம் ஆனதும் ஊசியை எடுத்தாள். இரண்டு முறை நரம்பு தவறியது. நெல்வியா கையை இழுக்கவில்லை. போலீஸ் வந்து கேட்டபோது இருவருமே எதையும் பார்க்கவில்லை.

பரிசோதனையில் சர்க்கரை மிக அதிகம். தினம் இன்சுலின் போட வேண்டியதாயிற்று. மருந்து வாங்கப் போகும்போதெல்லாம் எலீசியோ செய்தித்தாளில் சுற்றிய வெட்டுக்கத்தியோடு கூடவே போனான். ஒரு முறை பாலத்தில் கல்லெறிந்தார்கள். அவன் காது கிழிந்தது. மறுவாரமும் போனான்.

பெண் குழந்தை. அறுவை செய்து எடுத்தார்கள். மூன்றேகால் கிலோ. வார்டே அதிர அழுதது. நெல்வியாவுக்கும் பிரசவத்துக்குப் பின் சர்க்கரை இறங்கிவிட்டது.

குழந்தையைக் காட்டலாமென்று அவள் சுகாதார நிலையத்துக்குப் போனபோது வேறொரு நர்ஸ் இருந்தாள். கும்பலின் மிரட்டல் வந்து மிர்த்தலா வடக்கே வேறு நாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாளாம். எல்லை தாண்டினாளா என்று யாருக்கும் தெரியவில்லை.