இருபத்தோராவது கட்டம்

கட்டம் டீச்சர் என்ற பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. பொருந்தவில்லை என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. எந்த வேலையைக் கொடுத்தாலும் முதலில் ஸ்கேலை எடுத்துக் கட்டம் போடுவார். மாணவர் வருகை, தண்ணீர்த் தொட்டி கழுவிய தேதி, ஆசிரியர்களில் யார் எந்த நாள் தாமதமாக வந்தார்கள் என்பது. கடைசியாகச் சொன்னதை அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவராகவே போட்டார். ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

பதினான்கு வருஷம் கணக்கு நடத்தியவர். ஒன்பதாம் வகுப்புக்கு இணையதள வடிவமைப்பு என்று புதிதாக ஒரு பாடம் வந்தது. நடத்த ஆள் வரவில்லை. தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டார்.

"இங்க உங்க போன்லதான் கண்ணாடி உடையாம இருக்கு. பொருளைப் பத்திரமா வச்சுக்கத் தெரிஞ்ச ஆளு வேணும்."

தகுதி அவ்வளவுதான். ஆறு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் இரண்டு நாள் மின்சாரம் இல்லாததால், எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும் என்பதைக் கரும்பலகையில் வெள்ளைச் சாக்பீஸால் விளக்கினார்கள். டீச்சர் அதையும் விடாமல் எழுதிக்கொண்டார். திரும்பி வந்து வீட்டில் உட்கார்ந்து படித்துப் படித்து, பாடம் தொடங்கும்போது பிள்ளைகளைவிட இரண்டு அத்தியாயம் முன்னால் இருந்தார். அந்த இடைவெளி வருஷம் முழுக்கக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கணினி அறையில் பதினெட்டு கணினிகள்; ஓடியவை பதினைந்து. முப்பத்தொரு பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தார்கள், ஒன்றில் மட்டும் மூன்று பேர். மூன்று பேர் உட்கார்ந்த கணினியில்தான் சத்தம் குறைவு. மௌஸை யார் பிடிப்பது என்ற சண்டை வாய்ப்பேச்சைத் தாண்டி எப்போதோ கைக்குப் போயிருந்தது.

பிள்ளைகள் எவ்வளவு தூரம் கற்றிருக்கிறார்கள் என்று அளக்கக் கல்வி அலுவலகமே ஒரு தாள் அனுப்பியிருந்தது. அதில் இருபது கட்டங்கள், கட்டத்துக்கு ஐந்து மதிப்பெண். எத்தனை நிறம், எத்தனை படம், எத்தனை வகை எழுத்து, பின்னணியில் படம் உண்டா, இசை உண்டா, பக்கத்தில் அசையும் பொருள் உண்டா. டீச்சருக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. கோடுகள் நேராக இருந்தன.

முதல் பருவத்துக்கு அவர் கொடுத்த வேலை, பள்ளி அலுவலகத்துக்கு ஒரு பக்கம் செய்வது. மாற்றுச் சான்றிதழ் வாங்க யாரைப் பார்க்க வேண்டும், என்னென்ன கொண்டுவர வேண்டும், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும்.

ஜிகினா என்று எல்லாரும் கூப்பிடும் பையன் தொண்ணூற்று நான்கு வாங்கினான். அவன் பக்கத்தைத் திறந்தால் இசை எழும்பும், எழுத்துகள் நிறம் மாறும், ஒரு பட்டாம்பூச்சி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பறக்கும். பக்கத்து வகுப்பிலிருந்துகூட வந்து பார்த்தார்கள்.

சுருக்கு என்று ஒரு பெண் இருந்தாள். ஒரு வார்த்தையில் முடியும் பதிலுக்கு இரண்டாவது வார்த்தை செலவழிக்கமாட்டாள். அவள் பக்கம் வெள்ளை; அதில் கறுப்பில் ஆறு வரி. மதிப்பெண் முப்பத்தொன்று.

"அசையும் பொருள் எங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"எதுக்கு டீச்சர் அசையணும்?"

டீச்சர் தாளைத் திருப்பிப் பார்த்தார். தாளில் அதற்குக் கட்டம் இல்லை. பூஜ்யம் போட்டார்.

இப்படியே வருஷம் ஓடியிருக்கும். ஒரு வியாழக்கிழமை மூன்றாவது பீரியடில் அலுவலக எழுத்தர் கணினி அறைக்கு வந்தார். அவருடைய கணினி நின்றுபோனதால் ஒரு கடிதம் அச்செடுக்க வந்தார். இருபத்தாறு வருஷமாக அந்தப் பள்ளியின் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். வருகிறவர் வாயைத் திறக்குமுன் "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிடுவார் என்பது அவரைப் பற்றி ஊரே அறிந்தது. தம்மைப் பற்றிப் பிள்ளைகள் ஏதோ எழுதியிருக்கிறார்கள் என்ற செய்தி அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"எங்க, காட்டுங்க. என்னதான் எழுதியிருக்குன்னு பார்ப்போம்," என்று ஜிகினாவின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இசை எழும்பியது. எழுத்தர் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரையோடு மல்லுக்கு நின்றார். கீழே போனார், மேலே வந்தார். ஒரு வரியைப் படிக்கத் தொடங்கினால் அது நிறம் மாறிவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். பட்டாம்பூச்சி குறுக்கே வந்தபோது கையால் விரட்டினார். பிறகு சுதாரித்துக்கொண்டு அதன்மேல் மௌஸை அழுத்தினார். பக்கம் மறைந்து ஓர் அருவி தெரிந்தது.

"டி.சி. இங்கயா குடுக்கறேன் நான்?"

வகுப்பே சிரித்தது. ஜிகினா மட்டும் சிரிக்கவில்லை. "சார், பின்னாடி போங்க. கீழ, அந்தப் பச்சைக்குக் கீழ..."

"நீ சொல்லாதே," என்றார் டீச்சர். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. கை தன்னால் கைக்கடிகாரத்தை முகத்துக்கு நேராகத் திருப்பியிருந்தது. "அவரே கண்டுபிடிக்கட்டும்."

தம்மைப் பற்றிய வரி எழுத்தருக்குக் கிடைக்க நான்கு நிமிஷம் பத்து விநாடி ஆனது. அந்த நேரம் முழுக்க ஜிகினா எழுத்தரின் முதுகுக்குப் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

அடுத்து சுருக்கின் பக்கம். எழுத்தர் உட்கார்ந்தார், படித்தார், எழுந்தார். பதினோரு விநாடி.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

"நேரம் தப்பு. பத்தே கால்ல இருந்து பதினொண்ணே முக்கால்னு போட்டிருக்கே. போர்டுல பத்துல இருந்து ஒண்ணுன்னு இருக்கு பாரு."

"மூணு நாள் நின்னு பார்த்தேன் சார். நீங்க இருந்த நேரத்தைத்தான் போட்டேன்."

அவள் அந்த வருஷம் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு. எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடிதத்தை அச்செடுக்காமலே போய்விட்டார். மறுநாள் முதல் ஜன்னல் பத்து மணிக்குத் திறந்தது.

அந்த வியாழக்கிழமை சாயங்காலமே டீச்சர் இதை வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கூடத்தில் யாருடைய ஃப்ரிட்ஜையோ படுக்கவைத்து அதன் முதுகைத் திறந்து வைத்திருந்தார்.

"தொண்ணூத்தி நாலு போட்டேங்க அந்தப் பையனுக்கு. எழுத்தருக்குத் தேடினது கிடைக்க நாலு நிமிஷம் ஆச்சு."

"கதவைத் தொறந்து, ஜில்லுன்னு இருக்கான்னு கையை விட்டுப் பார்க்காம மார்க் போட்டிருக்கே," என்றார் அவர். "அந்த ஸ்க்ரூவை எடு."

டீச்சர் ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்தார். பிறகு உள்ளே போய், ஸ்கேல் வைத்து, கல்வி அலுவலகத் தாளின் ஓரத்தில் இருபத்தோராவது கட்டம் போட்டார். தலைப்பு: 'தேடியது கிடைக்க ஆன நேரம்'.

அன்றிலிருந்து வியாழன்தோறும் மூன்றாவது பீரியடில் எழுத்தர் வந்தார். முதல் வாரம் டீச்சர் கெஞ்ச வேண்டியிருந்தது. நான்காவது வாரம் அவரே ஐந்து நிமிஷம் முன்னால் வந்து நின்றார். மனிதருக்கு எதுவும் பிடிக்காது. பிடிக்காததை ஒளிக்கவும் தெரியாது. பரீட்சை அதிகாரிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒருநாள் கண்ணாடியை மறந்துவிட்டு வந்து, "ஒரு எழுத்தும் தெரியல, எல்லாருக்கும் பூஜ்யம்" என்று அறிவித்தார். சுருக்கு மறுவாரம் எழுத்தைப் பெரிதாக்கி, எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு படமும் சேர்த்தாள். பிள்ளைகள் இப்போது ஒருவர் பக்கத்தை இன்னொருவரிடம் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு, வேடிக்கை பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜிகினா முதலில் இசையை எடுத்தான். பிறகு நிறம் மாறுவதை. பட்டாம்பூச்சியை எடுக்க அவனுக்கு மூன்று வாரம் ஆனது. அவன் நேரம் நான்கு நிமிஷத்திலிருந்து இரண்டாகி, ஒன்றாகி, கடைசியில் முப்பத்தெட்டு விநாடியில் வந்து நின்றது.

வருஷக் கடைசியில்தான் சிக்கல். கல்வி அலுவலகம் அனுப்பிய தாளின்படி கூட்டிப் பார்த்தார் டீச்சர். ஒவ்வொரு வாரமும் தேறிக்கொண்டே வந்த பையன் தொண்ணூற்று நான்கிலிருந்து எழுபத்தொன்றுக்கு இறங்கியிருந்தான். மறுபடி கூட்டினார். கூட்டல் சரி. மேல் வகுப்பில் இந்தப் பாடத்தை எடுக்க எழுபத்தைந்து வேண்டும்.

டீச்சர் அன்று ராத்திரி மூன்றாவது முறையும் கூட்டிப் பார்த்தார். வாழ்க்கையில் ஒரு கட்டத்தையும் பொய்யாக நிரப்பாதவர், மறுநாள் ஜிகினாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மார்க் போடற அன்னைக்கு மட்டும் அந்தப் பட்டாம்பூச்சியைத் திரும்ப வச்சுடு. அஞ்சு மார்க் வரும்."

பையன் அவரை உற்றுப் பார்த்தான். "அப்புறம் எடுத்துடலாமா டீச்சர்?"

"எடுத்துடலாம்."

"வேணாம் டீச்சர். சார் திட்டுவாரு."

எழுத்தருக்குத் தெரியவே போவதில்லை என்று சொல்ல வாயெடுத்தார் டீச்சர். பிறகு தாளை எடுத்தார். எழுபத்தொன்று என்று எழுதினார்.

இருபத்தோரு கட்டத்தோடு தாளைக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினார். இருபதுக்கு மேல் அனுமதியில்லை என்று திரும்பி வந்தது. காரணம் எழுதி மறுபடி அனுப்பினார். மறுபடி திரும்பியது. மூன்றாவது முறை தாளுக்குப் பதிலாக ஓர் அதிகாரியம்மாவே வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளைங்களை மதிப்பிட இந்த எழுத்தருக்கு என்ன தகுதி?"

"அவருக்குப் பொறுமை கிடையாது மேடம்."

அதிகாரியம்மா அதை அப்படியே குறித்துக்கொண்டார். ஜிகினாவின் பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் திறக்கச் சொல்லி, பழையதில் தாமே தேடினார். அருவிவரை போனார். பிறகு கிளம்பிவிட்டார். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது: இருபத்தோராவது கட்டத்துக்கும் ஐந்து மதிப்பெண் தரலாம். ஜிகினா எழுபத்தாறானான். எழுத்தைப் பெரிதாக்கிப் படம் சேர்த்ததில் நாற்பத்தாறுக்கு ஏறியிருந்த சுருக்கு ஐம்பத்தொன்று. தனக்கும் ஐந்து, அவனுக்கும் ஐந்தா என்று அவள் கேட்டாள். முன்னேற்றத்துக்கு ஐந்து, முதலிலேயே சரியாகச் செய்ததற்கு ஐந்து என்றார் டீச்சர். "ம்," என்றாள். பள்ளி அலுவலகம் அவளுடைய பக்கத்தைத்தான் வைத்துக்கொண்டது. அதற்கு மதிப்பெண் கிடையாது.

அடுத்த வருஷம் இருபத்தோராவது கட்டம் எல்லாப் பள்ளிகளுக்கும் கட்டாயமானது. பருவ முடிவில் கட்டம் டீச்சருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. மற்ற பள்ளிகளிலெல்லாம் எல்லா மாணவருடைய நேரமும் ஒன்பது விநாடி என்று பதிவாகியிருக்க, தங்கள் பள்ளியில் மட்டும் மூன்று நிமிஷம், ஆறு நிமிஷம் என்று காணப்படுவது ஏன்?

டீச்சர் அன்றே பதில் எழுதினார்.

'ஐயா, இங்கே உண்மையாகவே தேடிப் பார்க்கிறோம்.'

தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பணிவாக எழுதக்கூடாதா என்று கேட்டார். டீச்சர் வாங்கி, 'பணிவுடன்' என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கொடுத்தார்.