சிவபாண்டி நெஞ்சில் உடைந்தவை

'டியூப்லைட் சிவபாண்டி' என்ற பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். எதுவும் மண்டையில் ஏற நேரம் பிடிக்கிற ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். சேத்தூர்க்காரர்களுக்கு உண்மை தெரியும். அம்மன் கோயில் பொங்கலுக்கு மேளம் உச்சத்தில் ஏறும்போது, சட்டையில்லாமல் கையை விரித்து நின்று, மச்சினன் அழகுராஜா வீசுகிற டியூப்லைட்டுகளை நெஞ்சில் வாங்கி உடைக்கிறவர் அவர். ஒவ்வொன்றும் 'டப்'பென்று வெடித்து வெள்ளைப் புகை கிளம்பும். கூட்டம் விசில் அடிக்கும். பதினெட்டு வருடமாக இது நடந்தது.

பிழைப்பு வேறு. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். காலை ஏழு மணிக்கு பைக்கை எடுத்தால் ஆலைக்குள் நுழைகிற முதல் ஆட்களில் ஒருவர். எந்த மோட்டார் எந்தச் சத்தம் போட்டால் என்ன நோவு என்று காதாலேயே சொல்லிவிடுவார். ஆலையில் எரிந்து தீர்ந்த டியூப்லைட்டுகள்தான் திருவிழாவுக்குப் போயின. குப்பை ஒழிகிறதே என்று ஆலைக்கும் நிம்மதி. கீறல் விட்ட டியூப்புகள் வித்தைக்கு ஆகாது. அவற்றைப் பழைய சாமான் அறைக்குள் உட்கார்ந்து இரண்டாக ஒடித்து, சாக்கில் திணித்துக் கட்டுவது அவருடைய சனிக்கிழமை வேலை.

இரண்டாயிரத்து இருபத்துநான்கின் கடைசியில் ஆலை முழுவதும் எல்இடி விளக்குக்கு மாறியது. நானூறு டியூப்லைட்டுகள் ஒரே வாரத்தில் இறங்கின. அத்தனையையும் அட்டைப் பெட்டிகளில் அடுக்கி அந்த அறையில் வைத்தபோது சிவபாண்டிக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

"அஞ்சு வருசத் திருவிழாவுக்குக் கவலையே இல்லடா மாப்ள" என்று அழகுராஜாவுக்குப் போன் போட்டார். வரப்போகும் பங்குனிப் பொங்கலுக்கு நூற்றெட்டு டியூப்லைட் உடைப்பதாகத் திருவிழாக் குழுத் தலைவர் மாரிசெல்வத்திடம் வாக்கும் கொடுத்துவிட்டார். மாரிசெல்வம் அன்றே போஸ்டர் அடிக்கக் கொடுத்தார்.

தை மாதம் ஆலைக்கு ஒரு சோதனை வந்தது. நூல் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, ஆலையில் எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று பார்த்துவரச் சென்னையிலிருந்து ஸ்ரீஜா என்ற பெண்ணை அனுப்பியிருந்தது. கையில் நீளமான கேள்வித்தாள். மேனேஜர் வினோத் கூடவே நடந்தார். விளக்கைப் பற்றிய கேள்வி வந்ததும் சிவபாண்டியைக் கூப்பிட்டார்.

"கழட்டின டியூப்லைட்டெல்லாம் எங்க வச்சிருக்கீங்க அண்ணா?" என்று கேட்டாள் ஸ்ரீஜா.

"பத்திரமா இருக்கு மேடம். நானூறும் பெட்டியில கெடக்கு."

"நல்லது. அதுக்கு முந்தின வருஷங்கள்ல ஃபியூஸ் ஆனது?"

"அதெல்லாம் ஒடைச்சாச்சு."

"எதுல உடைச்சீங்க?"

சிவபாண்டி நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"அய்யோ, நெஞ்சைத் தொட்டெல்லாம் சொல்ல வேண்டாம், நம்புறேன். எந்த மெஷின்ல உடைச்சீங்கன்னு கேட்டேன்."

"மெஷினு இல்ல மேடம். இதுலதான்" என்று இன்னொரு முறை நெஞ்சைத் தட்டினார்.

வினோத் கூரையைப் பார்த்தார். சிவபாண்டியோ உற்சாகமாகப் போனை எடுத்துப் போன வருடத் திருவிழா வீடியோவைப் போட்டுக் காட்டினார். ஸ்ரீஜாவின் முகத்தில் முதலில் வியப்பு தெரிந்தது. பிறகு அவள் வீடியோவை நிறுத்தி, வெள்ளைப் புகைக்குள் நிற்கிறவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வித்தாளை மடித்துவிட்டு ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒவ்வொரு டியூப்லைட்டுக்குள்ளயும் பேனா முனை அளவு பாதரசம் இருக்கு. உடைஞ்சா ஆவியாயிடும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது. மூச்சுல போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்."

"பதினெட்டு வருசமா ஒடைக்கேன் மேடம். கண்ணாடி கீறினதைத் தவிர ஒண்ணும் ஆகல."

"கையை நீட்டுங்க."

நீட்டினார். அவள் கேள்வித்தாளில் ஒரு பக்கத்தைக் கிழித்து அவருடைய விரல்களின் மேல் வைத்தாள். ஃபேன் ஓடவில்லை. காகிதம் லேசாக நடுங்கியது. சில மாதங்களாக ஸ்குரூ டிரைவர் ஸ்குரூவின் தலையில் சரியாக உட்கார மாட்டேன் என்கிறதே என்று அவர் நினைத்ததுண்டு. வயது நாற்பத்தொன்று ஆகிறதே என்று விட்டுவிட்டார்.

ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊரைப் பற்றி ஸ்ரீஜா சொன்னாள். ஒரு தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசம் மீனுக்குள் போய், மீனைச் சாப்பிட்ட சனங்கள் கைகால் விளங்காமல் போனார்களாம். பிள்ளைகள் வயிற்றுக்குள்ளேயே பாதிக்கப்பட்டார்களாம். அந்த ஊர்ப் பெயரிலேயே உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன, இந்தியாவும் கையெழுத்திட்டிருக்கிறது, இருபத்தேழாம் வருடம் முடிவதற்குள் டியூப்லைட் தயாரிப்பதையே நிறுத்திவிடுவதாகப் பேசியிருக்கிறார்கள் என்றாள்.

"நம்ம சேத்தூரு டியூப்லைட்டுக்காகவா அம்புட்டு நாடும் கூடிப் பேசிச்சு?" என்றார் சிவபாண்டி. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று மாலை வீட்டில் மனைவி காளீஸ்வரியிடம் இதைச் சொன்னார். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில் பேக்கிங் பார்க்கிறவள். பஸ்ஸை விட்டு இறங்கிய களைப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பயங்காட்டுறா அந்தப் புள்ள. வெட்டவெளியில ஒடைச்சா காத்துல போயிரும்லா?" என்றார்.

"உள்ள உக்காந்து ஒடிச்சுச் சாக்குல கட்டுனியளே, அது எந்தக் காத்துல போச்சு?"

அவர் சோற்றுத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"சரி, ஒங்க ஒடம்பு ஒங்க இஷ்டம். நீங்க ஒடைக்கும்போது முன் வரிசையில யாரு உக்காருதா?"

பிள்ளைகள்தான் உட்காருவார்கள். அவருடைய மகள் மகாலட்சுமி, நான்காம் வகுப்புப் படிக்கிறவள், தோழிகளைக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாக இடம் பிடிப்பாள். வெள்ளைப் பொடி தலையில் விழுந்தால் அதற்கொரு கூச்சல் போடுவார்கள். சிவபாண்டி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். தன் கை நடுங்கியதைப் பார்த்தபோது வராத பயம் அப்போது வந்தது.

அடுத்த வாரம் மதுரைக்குப் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை எடுத்தார்கள். சிவபாண்டிக்குப் பாதரசம் இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தது. மகாலட்சுமிக்கு ஒன்றுமில்லை. மருத்துவர் பயமுறுத்தவில்லை. "இன்னையோட நிறுத்துங்க. உடம்பு தானாவே வெளியேத்தும். ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார். மகளுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் காளீஸ்வரி ஆஸ்பத்திரி வாசலிலேயே இரண்டு ஜிகர்தண்டா வாங்கிக் குடித்தாள்.

மாரிசெல்வத்திடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

"ஏலே, போஸ்டரு ஒட்டியாச்சு! நூத்தெட்டுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. ஒரு டஜனாவது ஒடை."

"ஒண்ணுகூட ஒடைக்க மாட்டேண்ணே. முன்னால ஒம்ம பேரப்பிள்ளையும்தான உக்காருது?"

மாரிசெல்வம் மிச்சமிருந்த போஸ்டரைச் சுருட்டி வைத்தார். "அப்ப எதைத்தான் ஒடைப்ப?"

சிவபாண்டி சாலையைப் பார்த்தார். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. "கரும்பு" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

டியூப்லைட் தொட்டால் உடையும். கரும்பு அப்படியில்லை என்பது திருவிழா அன்று சாயங்காலம்தான் அவருக்குத் தெரிந்தது. அழகுராஜா வீசிய முதல் கரும்பு நெஞ்சில் பட்டுத் துள்ளியது. உடையவில்லை. இரண்டாவது வளைந்தது. மூன்றாவது அழகுராஜாவின் கையை விட்டு நழுவி மைக் செட் மேல் போய் விழுந்தது. "டியூப்லைட்டைக் கொண்டாங்கப்பா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். மேளக்காரர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தாளம் தப்பினார்கள்.

"மச்சான், வலிக்கா?" என்று கேட்டான் அழகுராஜா.

"பேசாம அடிலே!"

நான்காவது அடி கணுவில் விழுந்தது. கரும்பு 'படார்' என்று இரண்டாகத் தெறித்தது. ஒரு துண்டு உருண்டு போய்ப் பிள்ளைகளின் முன்னால் கிடந்தது. டியூப்லைட் துண்டை எடுக்கப் போனால் "கண்ணாடி, கண்ணாடி, தள்ளிப் போங்க" என்று விரட்டப்பட்டவர்கள் அவர்கள். இப்போது விரட்ட யாருமில்லை. ஒருத்தி ஓடி வந்து துண்டை எடுத்துக் கடித்தாள். அவ்வளவுதான், மொத்த முன் வரிசையும் எழுந்தது. ஐந்தாவது கரும்புக்கு ஐம்பது கைகள் நீண்டன. அதற்குமேல் உடைந்ததெல்லாம் தரையில் விழவே இல்லை. மாரிசெல்வம் மைக்கைப் பிடித்து, "ஆளுக்கு ஒரு துண்டு! அடிச்சுக்கிடாதீங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். நூற்றெட்டு எல்லாம் இல்லை, இருபத்திரண்டோடு சிவபாண்டி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நெஞ்சு கன்றிச் சிவந்திருந்தது. காளீஸ்வரி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடியே சிரித்தாள்.

ஆலையில் இருந்த நானூறு டியூப்லைட்டுகளை ஸ்ரீஜா சொன்ன முறைப்படி, ஒன்றுகூட உடையாமல் அட்டை சுற்றி, பாதரசத்தைப் பிரித்தெடுக்கிற ஆலைக்குச் சிவபாண்டி லாரியில் ஏற்றி அனுப்பினார். பழைய சாமான் அறையின் ஜன்னல்களைத் திறந்துவைத்து, ஈரத்துணியால் துடைத்தார்கள்.

பிளவக்கல் பக்கத்தில் இரண்டு குழுக்கள் இதே வித்தையைச் செய்தன. சிவபாண்டி பைக்கில் போய் அவர்களிடமும் சொன்னார். ஒரு குழுவில் கேட்டுக்கொண்டார்கள். இன்னொன்றில், "ஒனக்குப் பொறாமைடா" என்று சொல்லி டீ மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். "பரவால்ல, டீ நல்லா இருந்துச்சு. அடுத்த மாசமும் போவேன்" என்று அவர் காளீஸ்வரியிடம் சொன்னார்.

ஆடி மாதம் எடுத்த பரிசோதனையில் அளவு பாதிக்குமேல் குறைந்திருந்தது. ஸ்குரூ டிரைவர் முன்போல ஒரே தடவையில் உட்காருகிறது. இப்போது அவருடைய பெரிய யோசனையெல்லாம் வேறு. அடுத்த பங்குனிக்கு எந்த வயல் கரும்பு லேசாக உடையும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் தோட்டம் தோட்டமாகப் போய், தோகையை விலக்கிக் கணுவை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.