வண்டியை விட்டு இறங்காதே

அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் எல்லோரும் காருக்குக் கட்டுச்சோறு கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். கேலிக்குச் சொல்லவில்லை. கம்பளிப் போர்வை, சாக்லேட், உலர்ந்த திராட்சை, கைக்கடக்கமான மண்வாரி, ஒரு பை மணல், ஏரியலில் கட்ட ஒரு முழம் சிவப்புத் துணி, ஒரு காலிக் காப்பி டப்பா, அதற்குள் தடித்த மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. வீட்டுக்கு ஆள் வந்தால் கொடுக்க பிஸ்கட் இருக்கிறதோ இல்லையோ, கார் பட்டினி கிடக்காது. நானும் வருடம் தவறாமல் கட்டி வைக்கிறேன். நான் ஒருத்தி மட்டும் போய்வரும் கார்தான், ஆனாலும் போர்வை இரண்டு வைக்கிறேன். ஏன் என்று என்னை நானே கேட்டுக்கொள்வதில்லை.

நான் இருப்பது கனடாவின் நடுவில், சஸ்காச்சுவான் என்ற மாகாணத்தில். மைசூரில் இருக்கும் என் அக்கா ஸ்டெல்லா அந்தப் பெயரை இன்றுவரை முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. "உன் ஊரு" என்று நிறுத்திக்கொள்வாள். மலை கிடையாது, மேடு கிடையாது, காற்று கிளம்பினால் தடுத்து நிறுத்த ஒரு குட்டிச்சுவர் கூடக் கிடையாது. டிசம்பரில் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு மைசூர் பன்னிமண்டபத்தில் பால் வாங்கப் போவதையே குளிர் என்று நம்பி வளர்ந்தவள் நான். இங்கே நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் கார்களுக்கெல்லாம் முன்பக்கம் ஒரு மின்கம்பி தொங்கும். இஞ்சின் உறைந்துவிடாமல் இருக்க அதைக் கம்பத்தில் செருகிவிட்டுத்தான் டியூட்டிக்குப் போகவேண்டும். வந்த புதிதில் பார்த்துச் சிரித்தேன். மாட்டைக் கட்டுத்தறியில் கட்டிவிட்டுப் போவதுபோல இருந்தது.

ப்ளிஸர்ட் என்று இவர்கள் சொல்லும் பனிப்புயலில் பனி மேலிருந்து விழுவது கொஞ்சம்தான். தரையில் கிடப்பதைக் காற்று வாரி எடுத்து எறியும். நீட்டிய கை தெரியாது. வானம் எது, ரோடு எது என்று புரியாமல் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். பக்கத்து வீட்டு டோரத்தி சிறுமியாக இருந்த காலத்தில் புயல் வரும் அறிகுறி தெரிந்ததும் அவள் அப்பா வீட்டுக் கதவுக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டிவிடுவாராம். பால் கறக்கப் போகிறவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய், பிடித்துக்கொண்டே திரும்பவேண்டும். கயிற்றை விட்டவர்கள் தங்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றியே நடந்து செத்திருக்கிறார்கள் என்றாள். இப்போது கயிறு இல்லை. போன் அலறும், நெடுஞ்சாலையை மூடுவார்கள், குளிக்கும் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரே ஒரு விதி மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை. வழியில் வண்டி நின்றுவிட்டால், வண்டியை விட்டு இறங்காதே. யாராவது தேடி வரும்வரை உள்ளேயே உட்கார்ந்திரு.

அந்த டப்பாவை நான் முதன்முதலில் பார்த்தது இங்கே வந்த வருடம். டோரத்தி அதற்கு ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி எங்கள் வாசலில் வந்து நின்றாள். "குளிர்காலத்துக்கு. உங்களைக் காப்பாற்றும்" என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். திறந்தால் உள்ளே மெழுகுவர்த்தி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வந்த இடத்திலும் நம்மைப் போலப் பக்தியுள்ள ஒரு மனுஷி அண்டைவீட்டில் கிடைத்திருக்கிறாளே என்று மாதாவுக்கு நன்றி சொன்னேன். டப்பாவை இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் வைத்தேன். மைசூரில் பிறந்து வளர்ந்த எந்தக் கிறிஸ்தவப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள். மெழுகுவர்த்தியைக் கொண்டுபோய்க் காரில் வைக்க யாருக்குத் தோன்றும்?

என் கணவர் அருளப்பனுக்கும் தோன்றவில்லை. அவருக்குச் சொந்த ஊர் கௌதள்ளி, கர்நாடக எல்லைக் காட்டோரம். மைசூரில் டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவர், இங்கேயும் பக்கத்து ஊரில் அறுவடை எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அவரைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் பாலாற்றுக் கதை ஒன்று போதும். கல்யாணமான புதிதில் மேட்டூரில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மாநில எல்லையில் பாலாறு செக்போஸ்ட் தாண்டி, காட்டுக்குள் பஸ் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. நம் ஊரில் பஸ் நின்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. டிரைவர் இறங்குவதற்கு முன்னால் பாதி பஸ் காலி. ஒருவர் பானெட்டுக்குள் தலையை விடுவார், நான்கு பேர் அவருக்கு யோசனை சொல்வார்கள். பெண்கள் ரோட்டோரத்தில் முந்தானையை விரித்து உட்கார்ந்தாயிற்று. யாரோ சித்ரான்னப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். யானை நடமாடுகிற இடம், உள்ளே ஏறி உட்காருங்கள் என்று வனக்காவலர் வந்து கத்திப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் மட்டும் இறங்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். புது மணப்பெண், பட்டுப்புடவை, கூச்சம். அருளப்பன் வந்து ஜன்னலைத் தட்டினார்.

"எறங்கி வா புள்ள."

"யானை வரும்கறாங்க."

"வந்தா எல்லாருஞ் சேந்து ஓடலாம். தனியா குந்தியிருந்தா உன்னய ஆரு கூப்புடுவா?"

அப்புறம் எங்களுக்கு முன்னால் ஒரு லாரி நிற்பதைக் கண்டுவிட்டார். அவ்வளவுதான், நாங்கள் கொண்டுவந்த டீ பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். லாரிக்காரர் கூப்பிடவில்லை. இவருக்கு அவரைத் தெரியாது. ஒருவர் தனியாக நிற்கிறார் என்பது போதும். பஸ் சரியானதும் கண்டக்டர் "ஹத்ரி, ஹத்ரி" என்று கன்னடத்தில் எல்லோரையும் ஏறச் சொல்லிக் கத்த, கடைசி ஆளாக ஓடிவந்து தொற்றிக்கொண்டார். லாரிக்காரருக்குச் சத்தியமங்கலமாம், மூன்று பெண் குழந்தைகளாம். எல்லாம் ஒரு பிளாஸ்க் டீக்குள் தெரிந்துகொண்டு வந்திருந்தார்.

அதே மனிதர்தான், இங்கே எங்கள் இரண்டாவது குளிர்காலத்தில், பட்டறையிலிருந்து திரும்பும் வழியில் புயலில் மாட்டிக்கொண்டார். வண்டியை விட்டு இறங்காதே என்று பட்டறையில் யாராவது சொல்லியிருப்பார்கள். அவரும் தலையாட்டியிருப்பார். சாயங்காலம் போன் வந்தது. நான் இடுப்பில் கைக்குழந்தை ரீனாவோடு அடுப்படியில் நின்றிருந்தேன். இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"காரு பள்ளத்துல எறங்கிருச்சு புள்ள. ஒண்ணும் பயமில்ல. முன்னால ஒரு வண்டி நிக்குது, வெளக்கு மினுக்கு மினுக்குங்குது. உள்ள ஆரோ இருக்கறாங்க. ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வந்தர்றேன்."

ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் போன் அறுந்துவிட்டது. இறங்காதீர்கள் என்று சொல்ல எனக்கும் அப்போது தெரியாது. ஆண்டவர் படத்துக்கு முன்னால் டோரத்தி கொடுத்த மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து ஜெபம் செய்தேன். காருக்குள் எரியவேண்டியது வீட்டுக்குள் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காற்று அடங்கியதும் அவரைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் காருக்கும் முன்னால் நின்ற காருக்கும் நடுவில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் விலகி, வேலியோரம் கிடந்தார். பிளாஸ்க் கையில் இருந்தது. முன் காரில் இருந்தது வயதான ஒரு தம்பதி. இரண்டு பேரும் போர்வைக்குள் மெழுகுவர்த்தியும் சாக்லேட்டுமாக நன்றாகவே இருந்தார்கள்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் நல்ல மனிதர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். என் கணவர் குடித்திருந்தாரா? மனவருத்தத்தில் இருந்தாரா? எங்களுக்குள் ஏதாவது சண்டையா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"அப்படியானால் ஏன் இறங்கினார்?"

"முன்னால் ஒரு கார் நின்றது."

"அவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களா?"

"இல்லை."

"உதவி கேட்டுப் போனாரா?"

"இல்லை. சும்மா பார்க்கப் போனார்."

அவர் என்னையே பார்த்தார். அதிர்ச்சியில் உளறுகிறாள் என்று நினைத்திருக்கவேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். துணைக்குப் போனார் என்று எனக்குத் தமிழில் தெரிந்தது. உதவி வேறு, துணை வேறு. அந்த வித்தியாசத்தை அந்த மனிதருக்கு எப்படி விளக்குவது? அடக்கத்தன்று அந்த வயதான தம்பதியும் வந்திருந்தார்கள். அந்த அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்களுக்கு எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

டோரத்தி என்னோடு வந்து உட்கார்ந்திருந்த நாட்களில் ஆண்டவர் படத்துக்கு முன்னால் இருந்த டப்பாவைப் பார்த்தாள். அடுத்த அக்டோபரில் இன்னொரு டப்பாவோடு வந்து, என் கையில் கொடுக்காமல், நேராகப் போய்க் காருக்குள் வைத்தாள். அது ஜெபத்துக்கல்ல, நின்றுபோன காருக்குள் ஏற்றிக் குளிர்காய என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. டப்பா இருந்திருந்தாலும் அருளப்பன் இறங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அப்படி நினைத்தால்தான் தூக்கம் வருகிறது.

திரும்பி வந்துவிடு என்று அக்கா எத்தனையோ முறை கூப்பிட்டாள். அவரை இந்த மண்ணில் வைத்துவிட்டு எப்படி வருவது? இருந்துவிட்டேன். ரீனாவுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்ததைவிட அந்த விதியைத்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தேன். ஸ்கூல் பஸ் ஏறத் தொடங்கிய வயதிலிருந்து தினமும் காலையில் வாசலில் வைத்துக் கேட்பேன். "வண்டி நின்னா?" "இறங்க மாட்டேன்." "யாராச்சும் கூப்பிட்டா?" "இறங்க மாட்டேன்." "ரொம்ப நேரமானா?" "இறங்க மாட்டேன், அம்மா." மற்றப் பிள்ளைகளுக்கு முத்தம் கிடைத்த இடத்தில் என் பிள்ளைக்கு இது கிடைத்தது. டோரத்தியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் வீட்டில் இப்போது இருப்பவர்கள் கையசைப்பார்கள், நானும் கையசைப்பேன், அதோடு சரி. புயல் நாட்களில் என் குரலையே நான் கேட்காமல் ஒரு முழுநாள் போய்விடுகிறது.

ரீனா போன டிசம்பரில் வேலைப் பயிற்சிக்காக மைசூருக்குப் போனாள். அக்கா வீட்டில் தங்கல். பொங்கலுக்குக் கௌதள்ளிக்கு வரச் சொல்லி அருளப்பனின் தம்பி கூப்பிட்டிருந்தார். அப்பா பிறந்த ஊரை அவள் பார்த்ததே இல்லை. "நானும் வர்றேன்டி" என்ற பெரியம்மாவையும் வேண்டாம் என்றுவிட்டுத் தனியாகக் கிளம்பிவிட்டாள்.

அன்றைக்கு இங்கே புயல். மதியத்திலிருந்தே நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். இரவு சாப்பிட உட்கார்ந்தபோது மின்சாரமும் போயிற்று. காரிலிருந்து முன்னெச்சரிக்கையாக எடுத்துவந்திருந்த டப்பாவைத் திறந்து மெழுகுவர்த்தியை ஏற்றினேன். இரண்டு போர்வையையும் நானே போர்த்திக்கொண்டேன். அப்போது போன் வந்தது. அங்கே காலை வேளை.

"அம்மா, பஸ் நின்னு போச்சு."

"எங்கே?"

"ஹனூர் தாண்டியாச்சு. ரெண்டு பக்கமும் மரம். எல்லாரும் இறங்கிட்டாங்க, டிரைவர்கூட. நான் மட்டும் உள்ள இருக்கேன்."

"நீ ஏன் இறங்கல?"

"நீதானே சொல்லியிருக்கே."

வளர்ந்த பெண், நல்ல வெயில், கேட்டால் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலியான ஒரு பஸ்ஸில், பையை மடியில் வைத்துக்கொண்டு, நான் பாலாற்றில் உட்கார்ந்திருந்த மாதிரியே என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படி உட்காரவைத்தது நான்தான். போனில், அவளுக்குப் பக்கத்தில் ஜன்னல் தகரத்தை யாரோ தட்டும் சத்தம் கேட்டது. ஒரு பெண்ணின் குரல்.

"ஏனம்மணி, நீ மட்டும் உள்ள குந்தீட்டு என்ன பண்ற? எறங்கி வா. இங்க நெழலா இருக்குது."

"அம்மா, ஒருத்தங்க கூப்பிடறாங்க" என்றாள் ரீனா. "இறங்கலாமா?"

இத்தனை வருடம் சொன்ன பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. வெளியே காற்று சுவரைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்திச் சுடர் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"இறங்கு, கண்ணு" என்றேன். "இறங்கிப் போய் அவங்க பக்கத்துல நில்லு."

"எதுக்கு?"

"சும்னே, சும்மாதான். துணைக்கு."

அவள் போனை அணைக்காமலே பையில் போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரே பேச்சுச் சத்தம். டிரைவரை யாரோ கன்னடத்தில் திட்டினார்கள், வேறு யாரோ தமிழில் சிரித்தார்கள். ஒரு மைனா விடாமல் கத்தியது. நான் போனை மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மூச்சு விடவும் யோசித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆரு ஊட்டுக்குப் போற அம்மணி?"

"சித்தப்பா வீட்டுக்கு. கௌதள்ளி. நாங்க கனடாவுல இருக்கோம்."

"உங்கொப்பன் வல்லியா?"

"அப்பா அங்கேயே இருக்காரு."

"சோலிய வுட்டுப்போட்டு வர முடியலயாட்ட இருக்குது."

"ஆமாங்க" என்றாள் என் மகள்.

அந்தப் பெண் எதையோ பிரித்துச் சாப்பிடக் கொடுத்தாள். வேண்டாம் என்று ரீனா சொல்லவில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. திடீரென்று இஞ்சின் உறுமியது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேச, அதற்கு மேலே, சீக்கிரம் ஏறச் சொல்லிக் கண்டக்டரின் குரல் எழுந்தது.

"ஹத்ரி, ஹத்ரி! பேக பேக!"

போர்வை நழுவிவிழ, என்னைத்தான் கூப்பிட்டதுபோல நான் அவசரமாக எழுந்து நின்றுவிட்டேன். என் வாசல் கதவைப் பனி பாதி உயரத்துக்கு அடைத்திருந்தது.