இறைச்சி வெந்துகொண்டிருந்தபோது வந்த அழைப்பு

போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்ன அந்த மே மாதத்தில், எங்கள் வீட்டுத் தொலைபேசியை நாங்கள் தனியே விட்டுவிட்டுப் போவதில்லை. புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் பார்க்டேல் பகுதியில், ஒரு பழைய அடுக்குமாடியில் நானும் என்னைவிட ஏழெட்டு வயது மூத்த ஒருவரும் வாடகைக்கு இருந்தோம். உறவு ஒன்றும் இல்லை. அண்ணை என்று கூப்பிடுவேன். அவருடைய அம்மாவும் தங்கையும் வன்னியில் அகப்பட்டிருந்தார்கள். தை மாதத்துக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அவர்களுக்கு மனப்பாடமாக இருந்தது எங்கள் வீட்டு இலக்கம் மட்டும்தான்.

அவர் பிறம்ரனில் பார்த்த வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஒவ்வொரு நாளும் வன்னிச் சனத்துக்காக நகரத்துக்குள் நடந்த போராட்டத்துக்குப் போய்வந்தார். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அவர் வீட்டில் நிற்பார், அவர் போனால் நான். திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே, "போன் ஏதும் அடிச்சதோ?" என்று கேட்பார். இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்கே வாய் கூசும். சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. தேநீரும் பிஸ்கட்டும்தான். காற்சட்டை இடுப்பில் நிற்காமல் பெல்ற்றில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார்.

நான் அப்போது ஒரு மெக்சிகன் உணவகத்தில் சமையற்காரன். திங்கட்கிழமைகளில் கடை பூட்டு. அந்தத் திங்கட்கிழமை அவரை எப்படியாவது சாப்பிட வைப்பது என்று, முதல் நாளே பன்றியின் தோள்பட்டை இறைச்சி வாங்கி வந்து, செத்தல் மிளகாய், உள்ளி, வினாகிரி, அன்னாசிச் சாறு எல்லாம் அரைத்துப் பிரட்டி வைத்திருந்தேன். எங்கள் அடுப்பின் அவண், இறைச்சி வாட்டுகிற கீழ்ப் பெட்டி, பழுது. அதற்குப் பதிலாக ஒரு கண்ணாடிச் சட்டி வைத்திருந்தோம். அதன் கனத்த மூடிக்குள் சூட்டுக் கம்பியும் விசிறியும் இருக்கும். சூடான காற்றைச் சுழற்றியே இறைச்சியை முறுக விடும். இன்றைக்கு எல்லார் வீட்டிலும் இருக்கிற ஏர் ஃப்ரையருக்கு மூத்தது என்று சொல்லலாம். எண்ணெய் தேவையில்லை. ஓரங்கள் கருகத் தொடங்குவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்றே பார்க்கலாம்.

அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் தொலைபேசி அடித்தது. பின்னேரம். அங்கே நடுச்சாமம் கழிந்திருக்கும்.

"அண்ணாவோ?" ஒரு பெண்குரல், மூச்சுக்குள்ளே பேசியது.

"இல்லைத் தங்கச்சி. அவரோட இருக்கிறனான். அவர் வெளியில. சொல்லுங்கோ."

"முகாமில இருந்து கதைக்கிறன். ஒளிச்சு வைச்சிருந்த போன், ஒராள் கொஞ்ச நேரத்துக்குத் தந்தவர்."

"அம்மா?"

எனக்குப் பின்னால் விசிறி இரைந்துகொண்டிருந்தது. லைன் அறுந்துவிட்டதென்று நினைத்தேன்.

"அம்மா இல்லை. கடற்கரையில செல் விழுந்து வெடிச்சது. பங்கருக்குள்ளயே வைச்சு மண்ணைப் போட்டு மூடிப்போட்டு வந்தனான். ஒருத்தரும் பக்கத்தில இல்லை. நான்தான் மூடினனான்."

அவள்தான் கேட்டாள்.

"அண்ணா சாப்பிடுறவரோ?"

"பெரிசா இல்லை."

"அப்ப, சாப்பிட வைச்சிட்டுச் சொல்லுங்கோ. கேட்டாரெண்டால் பிறகு வாயில ஒண்டும் வைக்க மாட்டார். எனக்கு அவரைத் தெரியும்."

ஓம் என்றேன். அது அவளுக்குக் கேட்டதோ தெரியாது. லைன் போய்விட்டது.

சட்டிக்குள் இறைச்சி பொன்னிறமாகிக் கொழுப்பு சொட்டிக்கொண்டிருந்தது. தாய் செத்த வீடு இது. துடக்கு வீட்டில் மச்ச மாமிசம் கூடாது, அதுவும் பன்றி. சுவிட்சை நிறுத்திவிட்டு, ஓடிப்போய் அரிசியைக் கழுவி உலையில் போட்டேன். பருப்பை எடுத்தேன். சோறும் பருப்பும் கொடுத்துவிட்டுச் சொல்வதென்பதுதான் என் எண்ணம். அவசரத்தில் பருப்பில் பாதி நிலத்தில் கொட்டியது.

உலை கொதிக்க முதலே கதவு திறந்தது. மழையில் நனைந்து வந்திருந்தார். கோஷம் போட்டுக் குரல் அடைத்திருந்தது.

"ஏதும் அடிச்சதோ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம் அண்ணை. தங்கச்சி எடுத்தவ. முகாமில நிக்கிறா."

கதவடியிலேயே குந்திவிட்டார். "கதைச்சனியோ? அவளேதானோ?"

"அவதான்."

"அம்மா?"

"லைன் கட்டாயிட்டுது."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாரா அழுதாரா என்று விளங்காத ஒரு சத்தம் போட்டார்.

"தங்கச்சி வந்திட்டாளெண்டால் அம்மாவும் வந்திருப்பா. அவள் அம்மாவை விட்டிட்டு வரமாட்டாள்."

பிறகு எழும்பிக் குசினிக்குள் வந்தார். "என்னடா உது வாசம்? பண்டியோ?"

"அது இன்னும் சரியா வேகேல்லை அண்ணை. சோறு வடிக்கிறன், கொஞ்சம் பொறுங்கோ."

"சோறு கிடக்கட்டும். எனக்குப் பசிக்குது."

அவர் பசி என்று சொல்லி நான் கேட்டு எத்தனை கிழமை! மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, ஒரு துண்டை விரலால் எடுத்து ஊதி வாயில் போட்டார். "வெந்திட்டுது!" நான் வேறு வழியில்லாமல் சோள ரொட்டிகளைத் தாச்சியில் போட்டுச் சூடாக்கினேன். இறைச்சியை அவரே வெட்டி உள்ளே வைத்தார். வெங்காயம், மல்லித்தழை, தேசிக்காய்ப் புளி. நின்றபடியே தின்றார். ஒன்று, இன்னொன்று, பிறகும் ஒன்று. சாறு முழங்கை வரை வழிந்தது. "நீயும் சாப்பிடன்" என்று எனக்கும் ஒன்றைச் சுருட்டித் தந்தார். ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தைத் தட்டில் வைத்தேன். அவர் தின்னுவதைப் பார்க்கச் சந்தோசமாகவும் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு அவர் தொலைபேசியை எடுத்தார்.

"பிக்கரிங்கில இருக்கிற மாமாவுக்குச் சொல்லுவம். அம்மாவும் தங்கச்சியும் வந்திட்டினமெண்டு."

இலக்கத்தை அழுத்தத் தொடங்கிவிட்டார். நான் போய்த் தொலைபேசியின் மேல் கையை வைத்து அழுத்தினேன்.

"அண்ணை, அப்பிடிச் சொல்லாதேங்கோ."

என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். செல்லை, பங்கரை, தங்கை தனியே மண் போட்டதை.

தொலைபேசியைத் திரும்ப வைத்தார். கடைசியில், "நான் சாப்பிடேக்க உனக்குத் தெரியும்" என்றார்.

"ஓம். சாப்பிட வைச்சிட்டுச் சொல்லச் சொல்லித் தங்கச்சிதான் சொன்னவ."

"பண்டி எண்டு அவளுக்குத் தெரியுமோ?"

அவர் போட்ட உடுப்போடு குளியலறைக்குள் போனார். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. குசினியில் சோறு அடிப்பிடித்து மணந்தது.

அதன் பிறகு சில நாட்கள் அவர் என்னோடு கதைக்கவில்லை. தேநீர் போட்டு வைத்தால் குடிப்பார், அவ்வளவுதான். வேறு இடம் பார்க்க வேண்டிவரும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது தங்கை மறுபடி எடுத்தாள். அவர்தான் கதைத்தார். அழுதார். நெடுநேரம் மற்றப் பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஓமோம், சாப்பிட வைச்சிட்டுத்தான் சொன்னவன். சோறும் பருப்பும்."

அம்மா செத்த திகதி தங்கைக்கும் சரியாகத் தெரியவில்லை. அங்கே நாள் கிழமை எண்ண ஒருவராலும் முடியவில்லையாம். ஐயர் சொன்னபடி, செய்தி வந்த அந்தத் திங்கட்கிழமையிலிருந்து எண்ணி முப்பத்தோராம் நாள் கிரியையை வைத்தோம். படையலுக்கு வெளியில் சாப்பாடு எடுப்போமா என்று மாமா கேட்டாராம். அண்ணை வேண்டாம் என்றுவிட்டார்.

"நீயே சமை" என்றார் என்னிடம். "அம்மாவுக்குக் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு விருப்பம். உறைப்பைக் குறைச்சுப் போடு."

கடைக்கு இரண்டு பேருமாகத்தான் போனோம். சின்னக் கத்தரிக்காயாகப் பார்த்து அவரே பொறுக்கினார்.