வில்மாரின் திருப்புளி

இஸ்திரிப் பெட்டியின் சூடு இறங்குவதற்குள் வில்மார் அதன் கைப்பிடியைக் கழற்றத் தொடங்கிவிட்டார். விரல் சுட்டது. உதறினார், ஊதினார், மறுபடியும் அதே இடத்தில் அதே விரலை வைத்தார்.

"சுட்டது உறைக்கலையா, கிழவா?" என்றாள் மிர்த்தா அடுப்படியிலிருந்து.

"உறைச்சுது. ஆனா உள்ள என்னமோ இருக்கு, கிழவி. விலாவைத் திறந்தா தெரிஞ்சிடும்."

உள்ளே ஒன்றும் கிடையாது என்று மிர்த்தாவுக்குத் தெரியும். ரேடியோவுக்குள்ளும் ஒன்றும் இல்லை, மின்விசிறிக்குள்ளும் இல்லை, வாசல் மணிக்குள்ளும் இல்லை. எல்லாவற்றையும் அவர் திறந்து பார்த்தாகிவிட்டது.

சால்ட்டோ ஊரின் சந்தைத் தெருவில் ஆயுள் முழுக்கக் கசாப்புக் கடை வைத்திருந்தவர் வில்மார். மாட்டைப் பாகம் பிரிப்பதில் அவர் கைக்கு ஊரில் நல்ல பேர். பிரித்த மாட்டைத் திரும்பச் சேர்க்க வேண்டிய கட்டாயம் அந்தத் தொழிலில் இல்லை. அதுதான் இப்போது வம்பாகிவிட்டது. இன்றைக்கும் கோடு போட்ட பழைய ஏப்ரனைக் கட்டி, கையைக் கழுவிக்கொண்டுதான் உட்காருவார். கழற்றியதையெல்லாம் தட்டில் அடுக்குவார்: நல்ல பாகம் முன்னால், எலும்பும் சவ்வும் பின்னால். பக்கத்து வீட்டு நெல்ஸா எட்டிப் பார்த்தால், "இந்தா பாரு, முதுகுக்கறி" என்று ஒரு செம்புச் சுருளைத் தூக்கிக் காட்டுவார். நெல்ஸா விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளுக்கென்ன, அவள் வீட்டு மிக்ஸி முழுசாக இருக்கிறது.

நடுக்கு நோய்க்கு மாத்திரை தொடங்கிய பிறகு தொற்றிக்கொண்ட பழக்கம் இது. அதற்கு முன் சட்டைப் பொத்தான் போட வராது, வாசல்படி தாண்டக் கால் எழாது. மாத்திரை கையையும் காலையும் திருப்பிக் கொடுத்தது. கையோடு திருப்புளியையும் கொடுத்துவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ வந்துட்டேன்" என்பார். கறி ஆறி, கொழுப்பு உறைந்து, பூனை வந்து போன பிறகும் அதே "இதோ" தான். மிர்த்தா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளை அங்கி தைப்பவள். தையல் மிஷினை அலமாரிக்குள் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "நெஞ்செலும்பை மட்டும் ஒரு தரம் பாத்துட்டு மூடிடறேன்" என்று அவர் அந்தக் கதவருகே நின்று கெஞ்சுவார். கட்டின புருஷனிடமிருந்து மிஷினைக் காப்பாற்ற வேண்டிய தலையெழுத்து எவளுக்கு வாய்க்கும்?

பொறுத்துப் பார்த்துவிட்டு நரம்பு டாக்டரிடம் போனாள். டாக்டர் பெரெய்ரா சின்னப் பெண்.

"மூளைல ரெண்டு பாதை இருக்கும்மா. ஒண்ணு, போ, எடுன்னு தள்ளும். இன்னொண்ணு, வேணாம், சுடும்னு பிடிச்சு இழுக்கும். இந்த மாத்திரை முதலாவதை உசுப்பி விட்டுட்டு ரெண்டாவதோட வாயை அடைச்சிடுது. அதான் பட்டும் புத்தி வரல. குறைச்சுப் பாக்கலாம். ஆனா குறைச்சா..."

"முதல்ல குறைங்க, டாக்டரம்மா."

குறைத்தார்கள். வீடு ஒழுங்குக்கு வந்தது. நெல்ஸாவின் மருமகன் ரேடியோவைச் சேர்த்துக் கொடுத்தான், அது பாடவும் செய்தது. வில்மார் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குடுவையை நீட்டினால் கை வராது.

"சுடும்."

"ஆறித்தான் இருக்கு, குடி."

"வேணாம். சுடும்."

வாசலுக்குக் கூப்பிட்டால், விழுந்துவிடுவேன் என்றார். மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் எண்ணெயில் தோர்த்தா ரொட்டி பொரித்து வைத்தாள்; மழை வாசனை வந்தாலே அதைக் கேட்டு நச்சரிக்கிற மனிதர், தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிர்த்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பாவது திட்டினால் பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தார். இப்போது நாற்காலியைத் திட்டுவதும் அவரைத் திட்டுவதும் ஒன்றாக இருந்தது. மனிதர் இப்படியே போய்விடுவாரோ என்று பயந்தாள்.

டாக்டருக்குப் போன் போட்டாள்.

"கொஞ்சம் ஏத்தலாம்மா. ஆனா பழைய கூத்து திரும்பி வரலாம். பரவாயில்லையா?"

"பரவாயில்லையாவது ஒண்ணாவது. ஏத்துங்க."

ஏற்றிப் பல நாளாகியும் ஒன்றும் நடக்கவில்லை. ரேடியோவையும் திருப்புளியையும் அவர் எதிரிலேயே வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கை மடியை விட்டுக் கொஞ்சம் எழும்பியது. ரேடியோவை நோக்கிப் பாதி தூரம் போய் நின்றது.

"சுடுமோ?" என்றார். கை மடிக்கே திரும்பிவிட்டது.

"நாசமாப் போக" என்று மிர்த்தா எழுந்தாள். ஏப்ரனை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினாள். தன் கழுத்துச் சாவியால் அலமாரியைத் திறந்து, தையல் மிஷினைத் தூக்க மாட்டாமல் தூக்கி வந்து மேஜையில் வைத்தாள். பாதி தைத்த வெள்ளை அங்கி ஒன்று இன்னும் அதில் மாட்டியிருந்தது. அதை உருவி ஓரமாகப் போட்டாள்.

"நெஞ்செலும்பு கேட்டியே. கழட்டித் தொலை, கிழவா."

முதல் திருகாணியைத் தானே பாதி தளர்த்தினாள். பிறகு திருப்புளியை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கினாள்.