நான் சொல்லாமல் விட்ட பாதிப் பேர்

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வைகாசி மாதக் காலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தம்பி வீட்டில், அவனுக்குப் பிறந்த ஆண் பிள்ளைக்கு முப்பதாம் நாள் பேர் விடுகிற விசேஷம். நான் ராஜபாளையத்திலிருந்து புதுச் சட்டை, வெள்ளி அரைஞாண், தொட்டில் சேலை எல்லாம் எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் இறங்கினேன். அன்றைக்கு என்னைவிட முக்கியமான ஆள் அந்த வீட்டில் கிடையாது. எங்கள் பக்கம் பிள்ளையின் காதில் பேரைச் சொல்கிற உரிமை அத்தைக்குத்தான்.

எங்கள் சொந்தக்காரர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் உண்மையான பேர்களைச் சொல்லவில்லை. எங்க அப்பாவின் பேர் சுந்தரம் என்றும், தம்பி மனைவியின் அப்பா பேர் முத்தையா என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு பேர் போதும், மற்றவர்களுக்கெல்லாம் உறவுமுறையே போதும்.

விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னால் தம்பி மனைவி எனக்கு போன் செய்தாள். நான் பேண்டேஜ் துணி யூனிட்டில் பேக்கிங் பார்க்கிறவள். மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று வெளியே வந்து பேசினேன். அவள் எதையும் நேராகக் கேட்க மாட்டாள், சுற்றிச் சுற்றித்தான் வருவாள். சாப்பிட்டீங்களா, அண்ணன் வேலைக்குப் போயிட்டாகளா என்று என் வீட்டுக்காரரைப் பற்றியெல்லாம் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்.

"மதினி, பிள்ளைக்குச் சுந்தர முத்தையான்னு ரெண்டையும் சேத்துச் சொல்லிருங்களேன். மாமா பேர நான் வாயால சொல்ல முடியாதுல்லா. பின்பாதியச் சொல்லி நான் கூப்பிட்டுக்கிடுவேன். எங்க அப்பா பேரும் நிக்கும்."

அவள் அப்பா வன்னியம்பட்டியில் விவசாயம் பார்த்தவர். அவள் அஞ்சு மாதம் உண்டாகியிருந்தபோது திடீரென்று இறந்துபோனார். இவள் ஒரே பிள்ளை. அண்ணன் தம்பி கிடையாது. ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் தெலுங்கு பேசுகிறவர்கள் வீட்டிலென்றால் எத்தனை தலைமுறை ஆனாலும் பேருக்கு முன்னால் வீட்டுப் பேர் ஒன்று வந்துகொண்டே இருக்கும். எங்களுக்கு அது இல்லை. பேரப் பிள்ளைக்கு வைத்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் அந்தப் பேர் அந்த ஆளோடு முடிந்தது. அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. தம்பிக்கும் சம்மதம்தான்.

நான் "ஆகட்டும், பாத்துக்கிடலாம்" என்று சொல்லி போனை வைத்தேன். வைத்த பிறகு மனசுக்குள் ஒன்று புகைய ஆரம்பித்தது.

அதற்குக் காரணம் பழசு. என் மகன் பிறந்தபோது அவன் பேரோடு எங்க அப்பா பேரையும் ஒட்டி வைக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். என் மாமியார் வீட்டில் கேட்டேன். "எங்க வீட்டுப் பிள்ளைக்கு எங்க வீட்டுப் பேரு போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே மூன்று நாள் அழுதிருக்கிறேன். எங்க அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காததுதான் எனக்கு இன்னும் வலித்தது. அதனால் தம்பிக்கு ஆண் பிள்ளை என்றதும் எங்க அப்பா பேர் முழுசாக, யாரோடும் பங்கு போடாமல் அவனுக்கு இருக்க வேண்டும் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

விசேஷத்தன்று பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். அப்பா எதிரே நாற்காலியில் வேட்டி சட்டையோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். தம்பி மனைவி என் பக்கத்தில். அவள் அம்மா வன்னியம்பட்டியிலிருந்து வந்து, தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். புருஷன் பேரைக் காதில் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். வெற்றிலையைக் காதோரம் மறைத்துப் பிடித்துக்கொண்டு "சுந்தரம், சுந்தரம், சுந்தரம்" என்று மூன்று முறை சொன்னேன். பிறகு நிமிர்ந்து சபைக்கும் கேட்கிற மாதிரி அதையே சத்தமாகச் சொன்னேன்.

எங்க அப்பா துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பி என்னைப் பார்த்தான். அவன் வாயைத் திறக்கப் போனவன் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டான். தம்பி மனைவி பிள்ளையின் காலில் விலகியிருந்த துணியைச் சரி செய்தாள். சரியாக இருந்த துணியையே திரும்பத் திரும்பச் சரி செய்துகொண்டிருந்தாள். அவள் அம்மா கயிற்றை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், பாயசத்தை மட்டும் தொடவில்லை.

கை கழுவுகிற இடத்தில் தம்பி கேட்டான். "ஏன்க்கா ஒரு பேர விட்டுட்ட?"

"நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நம்ம வீட்டுப் பேரு போதும்லே" என்றேன்.

என் மாமியார் வீட்டில் எனக்குச் சொன்ன அதே வாக்கியம். அது என் வாயிலிருந்து வருகிறது என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. சபையில் சொல்லியாகிவிட்டது, இனி மாற்றினால் அப்பா மனசு கஷ்டப்படும் என்று தம்பி நகராட்சி ஆபீசிலும் அதே பேரைப் பதிந்துவிட்டு வந்தான்.

இதில் சிரிக்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நான் அடம்பிடித்து வைத்த பேரைச் சொல்லி அந்த வீட்டில் பிள்ளையைக் கூப்பிட ஆளே இல்லை. எங்க அம்மா புருஷன் பேரைச் சொல்ல மாட்டார். தம்பிக்கு அப்பா பேரைச் சொல்லி "வாலே, போலே" என்று கூப்பிட நா எழவில்லை. அப்பாவுக்குத் தன் பேரைத் தானே கூப்பிடக் கூச்சம். ஆகவே அவன் 'சின்னவரு' ஆனான், 'குட்டி' ஆனான், சேட்டை செய்த நாளில் 'பெரிய மனுசன்' ஆனான். நான் மட்டும் ராஜபாளையத்திலிருந்து போகிறபோதெல்லாம் வாசலிலிருந்தே "சுந்தரம்" என்று சத்தம் போட்டுக்கொண்டு நுழைவேன். அவன் என்னைப் பார்த்து ஓடிவருவது பேரைக் கேட்டு என்று நினைத்துக்கொள்வேன். என் கையில் இருந்த பால்கோவா பொட்டலத்துக்காக என்று இப்போது தெரிகிறது.

தம்பி மனைவி "தம்பி" என்பாள், "ராசா" என்பாள். அவள் பி.காம். படித்தவள்தான். ஆனால் மாமனார் பேர் அவளுக்கு வாயில் வராது, அவ்வளவுதான். தடுப்பூசி போடப் போன ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன். நர்ஸ் "பிள்ளை பேரு என்னம்மா?" என்று கேட்டதும் இவள் அட்டையை நீட்டினாள். "பேரச் சொல்லும்மா" என்று நர்ஸ் மறுபடி கேட்க, இவள் அட்டையில் விரல் வைத்துக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

போன ஐப்பசியில் நல்ல மழை. அய்யனார் கோவில் பக்கம் ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பத்தை வரச்சொல்லி எல்லோரும் ஆட்டோ பிடித்துப் போனோம். பிள்ளைக்கு மூன்றரை வயது. சாமி கும்பிட்டுவிட்டு, ஆற்றோரம் பாறை மேல் துண்டை விரித்து நான் புளிச்சோறு பொட்டலத்தைப் பிரித்தேன். தம்பி மேலே குளிக்கப் போயிருந்தான். தம்பி மனைவி தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள். செத்த நேரம்தான். நிமிர்ந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம்.

அவன் நாலைந்து பாறை தாண்டி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கீழே தண்ணீர் இழுத்து ஓடுகிற பக்கமாகப் போய்க்கொண்டிருந்தான். பாசி பிடித்த பாறை. தண்ணீரில் எதையோ பார்த்துவிட்டான் போல. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஓட்டத்தில் எட்டிப் பிடிக்கிற தூரம் இல்லை.

"தம்பீ!" என்று கத்தினாள் அவள். அங்கே குளித்துக்கொண்டிருந்த அத்தனை பையன்களும் திரும்பினார்கள், அவன் திரும்பவில்லை. "ராசா! ஏ ராசா!" என்றாள். யாருடைய பிள்ளையோ தண்ணீரில் விழுந்துவிட்டது என்று நினைத்து ஒருத்தர் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டார். நான் தொண்டை கிழிய "சுந்தரம்! சுந்தரம்!" என்று கத்தினேன். தலையில் சோப்பு நுரையோடு ஒரு பெரியவர் நிமிர்ந்து "என்னம்மா?" என்றார். பிள்ளை அடுத்த காலை எடுத்து வைத்தான்.

அவள் என் பக்கத்தில் வாயைத் திறந்தபடி நின்றது ஒரு நொடிதான் இருக்கும். பிறகு எங்கிருந்து வந்ததோ, அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"முத்தையா!"

அவன் நின்றான். திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

"அங்கனயே உக்காரு முத்தையா! அம்மா வாரேன்!"

சொன்ன இடத்தில் அப்படியே உட்கார்ந்தான். அவள் பாறைக்குப் பாறை தாவிப் போய் அவனை அள்ளிக்கொண்டாள். முழங்கால் கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை.

திரும்பி வந்தவள் பிள்ளையை அடிப்பாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள். திருடிவிட்டுப் பிடிபட்டவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"மதினி, தப்பா நினைச்சுக்கிடாதீங்க" என்றாள். மூச்சு வாங்கியது. "வீட்ல யாரும் இல்லாதப்ப மட்டுந்தான் அப்படிக் கூப்பிடுவேன். அவிய இருக்கும்போது கூப்பிடவே மாட்டேன். மாமாட்ட சொல்லிராதீங்க."

சாகப் போன பிள்ளையைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். புளிச்சோறு என் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கேட்ட பின்பாதியை நான் சொல்லியிருந்தால், முதலில் கூப்பிட்டபோதே அவன் திரும்பியிருப்பான். பெற்ற பிள்ளையை மூன்றரை வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டிருக்கிறாள், என்னால். நர்ஸ் முன்னால் விரலால் பேரைக் காட்டியவளைப் பார்த்து ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேனே என்று நினைத்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆட்டோவில் திரும்புகிறபோது பிள்ளை அவள் மடியில் தூங்கினான். நான் வெளியே பார்த்துக்கொண்டே அழுதேன்.

அடுத்த ஞாயிறு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு நான் வேண்டுமென்றேதான் விட்டேன், மறந்து விடவில்லை என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. "எனக்குத் தெரியும் மதினி" என்றாள். சர்டிபிகேட்டில் பேரைச் சேர்க்க எவ்வளவு அலைச்சலானாலும் நான் அலைகிறேன், அப்பாவிடமும் நானே பேசுகிறேன் என்றேன்.

"இருக்கட்டும் மதினி. மாமாவுக்கு இந்த வயசுல எதுக்குச் சங்கடம்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த சட்டையை எடுத்தாள்.

கோபத்தில் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். அவள் பொறுமைதான் தாங்கவில்லை. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இன்றைக்காவது அவன் காதில் சொல்லிவிடலாம் என்று ஒரு நப்பாசை. குனிந்து அவன் காதருகே வாயைக் கொண்டுபோய் "முத்தை..." என்று ஆரம்பித்தேன். அவன் வெடுக்கென்று திரும்பித் தன் கையால் என் வாயைப் பொத்தினான்.

"நீங்க சொல்லக்கூடாது அத்தை. அது அம்மா கூப்பிடுற பேரு."

தம்பி மனைவி அவனை அதட்டினாள். நான்தான் வேண்டாம் என்று சொல்லி அவனை இறக்கிவிட்டேன்.

வருகிற ஜூனில் அவன் பள்ளிக்கூடம் போகப்போகிறான். அங்கே வருகைப் பதிவில் சுந்தரம் என்று கூப்பிடுவார்கள், அவனும் எழுந்து நின்று பழகிக்கொள்வான். எங்க அப்பாவுக்கு அதில் பெருமைதான். ஆனால் இப்போதெல்லாம் நான் பால்கோவாவோடு வாசலில் போய் நின்றால், சபையில் மூன்று முறை சொன்ன அந்தப் பேர் எனக்கு வாயில் வருவதில்லை. மற்ற பேரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. "தம்பி" என்று மட்டும் கூப்பிட்டுவிட்டு அவன் திரும்புகிறானா என்று காத்து நிற்கிறபோதுதான், அவள் அத்தனை வருஷம் நின்ற இடம் எது என்று எனக்குத் தெரிகிறது.