பத்து நாளில் தீர்ந்த போத்தல்

என் தங்கையின் மகன் மாதம் நிறையாமல் பிறந்தவன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் எழுதிக் கொடுத்த துண்டில் வைட்டமின் டி சொட்டு மருந்தும் இருந்தது. நாளொன்றுக்கு ஒரு மில்லிலீற்றர்.

கடல்நீர் உப்பாகக் காய்கிற ஊரில் வெயிலின் சத்தைப் போத்தலில் வாங்க வேண்டுமா என்று எனக்கு வியப்பாக இருந்தது. தில்லையடியில் தாயையும் பிள்ளையையும் பார்க்க எங்கள் வீட்டுக்கு வரும் மிட்வைஃப் விளக்கினார். மாதம் நிறையாத பிள்ளையின் உடலில் அந்தச் சத்தின் சேமிப்புக் குறைவு, தாய்ப்பாலிலும் அது போதாது, மெல்லிய தோலை வெயிலில் காட்டவும் கூடாது. அத்துடன், பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழியும்வரை தாயையும் பிள்ளையையும் நாங்கள் அறையை விட்டு வெளியே விடுவதுமில்லை. எனக்கு நியாயமாகப் பட்டது. அந்த நியாயத்தை நானே மற்றவர்களுக்கும் எடுத்துச் சொன்னேன். பட்டப்படிப்பை முடித்து நகரில் வேலை பார்த்த நான், ஊர்க் கிளினிக் நாட்களில் மிட்வைஃபுக்கு உதவியாகத் தாய்மாருக்குப் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசிவந்தேன். எங்கள் ஒழுங்கை வீடுகளில் ஆங்கிலத்தில் எழுதிய எந்தக் காகிதமும் கடைசியில் என் கைக்குத்தான் வரும்.

மூன்றாவது மாதம் அந்த மருந்து பாமசிகளில் கிடைக்காமல் போனது. கட்டாரில் வேலை செய்யும் மச்சான், தங்கையின் கணவர், விடுமுறையில் ஊருக்கு வந்த நண்பர் ஒருவரிடம் ஒரு போத்தல் கொடுத்தனுப்பினார். பேரீச்சம்பழப் பொதிக்குள் துணியில் சுற்றி வந்திருந்தது. நான் பஸ்ஸுக்கு ஓடும் நேரத்தில் தங்கை அதை அக்காவான என்னிடம் காட்ட வாசலுக்குக் கொண்டுவந்தாள்.

"ராத்தா, இது அந்த மருந்துதானே?"

முன்பக்கம் முழுவதும் அரபு. நாங்கள் இருவரும் சிறுவயதிலேயே குர்ஆனை ஓதி முடித்தவர்கள். அந்த எழுத்துகளைத் தடங்கலில்லாமல் வாசிக்க எங்களால் முடியும். பொருள் இருவருக்கும் தெரியாது. பின்பக்கத்தில் பொடி எழுத்து ஆங்கிலத்தில் வைட்டமினின் பெயரும் நானூறு அலகு என்ற அளவும் இருந்தன. பழைய போத்தலிலும் அதே நானூறுதான். அதற்குக் கீழே கடையின் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது.

"ஓம், அதேதான். முந்தி மாதிரியே குடு."

அந்தப் போத்தலோடு ட்ரொப்பர் வரவில்லை. கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழும். தங்கை பழைய ட்ரொப்பரை அவித்துக் கழுவி, துளிகளைக் கரண்டியில் சேர்த்து ஒரு மில்லிலீற்றர் கோடுவரை நிரப்பிக் கொடுத்தாள். அவளிடம் கவனக்குறைவு எதுவுமில்லை. நான் சொன்னதை அப்படியே செய்தாள்.

பத்தாம் நாள் போத்தல் தீர்ந்தது. இன்னொன்று அனுப்பும்படி மச்சானுக்குச் செய்தி போனது. அவருடைய குரல்பதிவை மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் கேட்டோம். "அது மாசக்கணக்கில வரும் எண்டுதானே கடைக்காரன் சொன்னான்! மருந்தப் புள்ளைக்குக் குடுக்கிறீங்களா, இல்லாட்டி அதில குளிப்பாட்டுறீங்களா?"

தங்கை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை இரண்டு நாட்களாகச் சரியாகப் பால் குடிக்கவில்லை, மலமும் கழிக்கவில்லை. சூட்டினால் என்று நாங்கள் நினைத்திருந்தோம். வெற்றுப் போத்தலை எடுத்து விலைச்சீட்டை உரித்தேன். ஒரு துளியில் நானூறு அலகு என்று இருந்தது. பழைய போத்தலில் அது ஒரு மில்லிலீற்றருக்கு உரிய அளவு. ஒரு துளி கொடுக்க வேண்டிய இடத்தில் நாங்கள் ட்ரொப்பரை நிரப்பிக் கொடுத்திருந்தோம்.

அன்று காலையே பிள்ளையையும் இரண்டு போத்தல்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் இரண்டு போத்தல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"இப்படிக் குடுக்கச் சொன்னது யார்?"



"நான்தான், டொக்டர்" என்றேன்.

இரத்தத்தில் கல்சியம் கூடியிருந்தது. சொட்டு மருந்தை நிறுத்தி, ஆஸ்பத்திரி வாட்டில் தங்கவைத்து, சேலைன் ஏற்றினார்கள். உரிய நேரத்தில் கொண்டுவந்துவிட்டோம் என்று மருத்துவர் சொன்னார். ஆனாலும் அடுத்த பரிசோதனை முடிவு வரும்வரை யாரும் எங்களுக்கு உறுதி தரவில்லை. ஒவ்வொரு முறை வாட்டுக்குள் போகும்போதும் நான் கேட்டது ஒன்றுதான்: "குடிச்சானா?" நான்காம் நாள், "ஓம், இழுத்துக் குடிச்சான்" என்று தங்கை சொன்னாள். கல்சியம் இறங்கியது. வீட்டுக்கு வந்தோம். சில வாரங்களின் பின், மருத்துவர் சொன்ன மருந்தை அவர் சொன்ன அளவில் மீண்டும் தொடங்கினோம்.

அடுத்த கிளினிக் நாள் நெருங்கியபோது, நடந்ததைத் தாய்மாரிடம் சொல்வதா என்ற கேள்வி எழுந்தது. சொன்னால் அவர்கள் பயந்துபோய் மருந்தையே நிறுத்திவிடலாம். தேவையான பிள்ளைகளுக்கு அது கிடைக்காமல் போகும். சொல்லாவிட்டால், வெளிநாட்டிலிருந்து போத்தல் வரும் இன்னொரு வீட்டில் இதே தவறு நடக்கலாம். இந்த இரண்டையும் தங்கையிடம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"ராத்தா, நீங்க பயப்படுறது அந்தப் புள்ளைகளுக்கா, உங்கட பேருக்கா?"

என் முதல் கவலை பொய்யல்ல. ஆனால் அதன் பின்னால் என் பேரைப் பற்றிய பயமும் நின்றது.

கிளினிக்கில் நான் இதைச் சொல்வதற்கு மிட்வைஃப் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். மருந்து தேவை என்பதை முதலில் சொல்ல வேண்டும். தவறை அதன் பிறகுதான் சொல்ல வேண்டும். அப்படியே செய்தேன். ஒரு கையில் துளி விடும் போத்தலையும் மறு கையில் ட்ரொப்பரையும் பிடித்துக்கொண்டு, என் தங்கையின் பிள்ளைக்கு நான் சொல்லித்தான் இது நடந்தது என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "படிச்சாக்கள்ற வூட்டிலயும் இப்பிடித்தானா? அப்ப நாங்க பரவாயில்ல" என்றாள். மண்டபம் சிரித்தது. தங்கையும் மகனை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். வீட்டில் இருக்கும் எல்லாச் சொட்டு மருந்துகளையும், கொடுக்கும் கருவியோடு சேர்த்து, அடுத்த முறை கொண்டுவரச் சொன்னேன். அதுவரை எந்தப் புதுப் போத்தலையும் தன்னிடம் காட்டாமல் திறக்க வேண்டாம் என்றார் மிட்வைஃப்.

அடுத்த முறை பலர் கொண்டுவந்தார்கள். பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. கடைசியாக, சவூதியில் கணவன் இருக்கும் ஓர் இளம் தாய் தன் கைப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தாள். அதோடு ஒரு சிறிய சிரிஞ்சு ரப்பர் வளையத்தால் கட்டப்பட்டிருந்தது.

"இதுக்கு ட்ரொப்பர் வரல்ல மிஸ். அதான் இத வாங்கி வெச்சன். இன்னம் தொறக்கல்ல."

முன்பக்கம் அரபு. எழுத்துகளை என்னால் வாசிக்க முடிந்தது, வாசிக்கவில்லை. போத்தலைத் திருப்பினேன். விலைச்சீட்டு இருந்தது. மிட்வைஃபைப் பக்கத்தில் கூப்பிட்டுவிட்டு, அதை ஓரத்திலிருந்து நகத்தால் உரிக்கத் தொடங்கினேன்.